வருத்தம் இல்லாதவனுக்கு வருத்தம் பார்த்த கதை

சுகமாக இருக்கிற மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எங்கள் திருகோணமலையில் அதற்குத் தண்டனை உண்டு. நான் அனுபவித்தவன். வருடங்கள் எத்தனையோ போய்விட்டன, இதை எழுதும்போதும் பேனா பிடித்த விரல் இறுகுகிறது. (வயது போனதால் அல்ல. கோபம்தான்.)

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. துறைமுகத்து ஸ்டோர் ஒன்றில் கயிற்றுச் சுருள்களுக்கும் பெயின்ற் தகரங்களுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு என்னைக் கணக்கெழுதும் கிளாக்கர் என்று இருத்தியிருந்தார்கள். அங்கே புதிதாக வந்த பெரியவர் ஒருவர், ஊழியர் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். என் முறை ஐப்பசியில் வந்தது.

ஐப்பசி எங்கள் ஊரில் இரண்டுங்கெட்டான் மாதம். தென்மேற்குக் கச்சான் காற்று அடங்கியிருக்கும், வடகிழக்கு வாடை இன்னும் பிடித்திருக்காது. காலையில் புழுங்கும், பின்னேரம் இடிக்கும். அம்மா விறகை உள்ளே இழுத்து அடுக்குவார். வெளிக்கடலில் நின்ற வள்ளங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவருவார்கள். அந்த வருடம் எனக்கு இன்னொரு விசேடமும் இருந்தது. தை பிறந்ததும் கல்யாணம். பெண் தம்பலகாமத்துக் கந்தப்பரின் மகள் இராசமணி. ஒரேயொரு தடவைதான் பார்த்திருந்தேன். அந்த ஒரு பார்வையோடு, இவள் இல்லாவிட்டால் வேறு ஒருத்தியும் வேண்டாம் என்று மனதுக்குள் எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், சோதனைக்குப் போகப் பயம். கயிற்றுத் தூசியினால் ஆவணி முதல் ஒரு வறட்டு இருமல் விடாமல் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் தலையணைக்குள் இருமிக்கொண்டிருந்தேன். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார். முதுகில் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு எக்ஸ்ரே அறைக்கு முன்னால் இருந்த நீள மர வாங்கிலில் போய் இருக்கச் சொன்னார். பின்னேரம் மூன்று மணிக்குப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீர் நல்ல சுகதேகி, தம்பி. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யும், தூசி போகாது" என்று ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதித் தந்தார்.

அந்த நேரத்துச் சந்தோசம் இருக்கிறதே! மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி இருந்த ஆள் இறங்கிப் போன மாதிரி. வானம் கறுத்துக் கிடந்தது, எனக்கு அதுவும் வடிவாகத்தான் தெரிந்தது. கச்சான்கொட்டை வாங்கி, கடலைத் தோலை ஊதி ஊதிக் கொறித்துக்கொண்டு, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான் ஒன்றுக்கும் இரண்டைப் போட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

படலைக்கு வெளியே பதினேழு சோடிச் செருப்பு.

நடந்தது இதுதான். எங்கள் அடுத்த வீட்டுப் பாக்கியமக்கா காதுக்கு மருந்து விட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். எக்ஸ்ரே அறைக்கு முன்னால் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததைக் கண்டிருக்கிறார். அந்த நாளில் அந்த வாங்கிலில் இருந்தவனுக்கு ஒரேயொரு நோய்தான். சயரோகம். ஊர்ப் பேச்சில் கசம். நோய் வருத்தம் ஒன்றுமில்லாமல் ஒருவன் தானாக ஆஸ்பத்திரிக்குப் போவான் என்பது அவருடைய புத்திக்கு எட்டவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. (குற்றம்தான். இன்றைக்கும் சொல்வேன்.)

உள்ளே போனால் கதிரையெல்லாம் எனக்கு வருத்தம் பார்க்க வந்த ஆட்கள். மேசையில் தோடம்பழம், செவ்விளநீர், சத்துமாப் போத்தல்கள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எல்லோரும் எழும்பி இடம் விட்டார்கள். மரியாதைக்கு என்று நினைத்தேன். யன்னல் பக்கமாக ஒதுங்கியதைப் பார்த்தபிறகுதான் விளங்கியது.

"தம்பி, கதைக்காதேங்கோ, களைக்கும்" என்றார் பாக்கியமக்கா.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா! சும்மா செக்கப்!"

"ஓம், ஓம். உங்கட மாமாவும் கடைசி மட்டும் அப்பிடித்தான் சொன்னவர்."

எந்த மாமா என்று கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன இருமல் வந்தது. பதினேழு பேரும் ஒரே நேரத்தில் சேலைத் தலைப்பையும் சால்வையையும் மூக்கில் வைத்தார்கள்.

துண்டை எடுத்துக் காட்டினேன். ஒருவரும் கையால் தொடவில்லை. தூரத்தில் நின்று எட்டிப் பார்த்த ஒருவர், "டொக்டர்மார் ஆளுக்கு நேரே சொல்ல மாட்டினம்" என்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "எழும்புங்கோ எல்லாரும்! வெளியால!" என்று கத்தினேன். ஒருவரும் கோபிக்கவில்லை, அதுதான் கொடுமை. "பாவம், வருத்தக்காரன். அப்பிடித்தான் எரிஞ்சு விழுவான்" என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு போனார்கள்.

கதை அன்றிரவே கிண்ணியா மட்டும் போய்விட்டது. அடுத்த நாள் அங்கேயிருந்து லெப்பை நானா தயிர்ச் சட்டியோடு வந்தார். எங்களுக்குப் பழக்கமான நெல் வியாபாரி. தங்கமான மனிதர். அவர் சொன்ன ஆறுதலில்தான் என் உயிர் போனது.

"தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. இப்ப நல்ல மருந்து வந்திரிக்கி. காலையில தம்பலகாமத்துக்கு நெல்லுப் பார்க்கப் போன நான், கந்தப்பரிட்டயும் அதைத்தான் செல்லிட்டு வாறன்."

"நானா! ஆரிட்டச் சொன்னீங்கள்?"

"மாமனார்தானே, மறைக்கலாமா? மனிசன் அப்படியே குந்திட்டார். கலியாணத்தைப் பற்றி யோசிக்கோணும் எண்டார்."

தயிர்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

தம்பலகாமத்தில் விதைப்புக்காலம். கந்தப்பர் வீட்டு முற்றத்தில் விதைநெல் மூடைகள் அடுக்கிக் கிடந்தன. அவர் வெளியே வந்தார். நெட்டையான, அமைதியான மனிதர். அவருக்குப் பின்னால் கதவு மறைவில் ஒரு பச்சைப் பாவாடை தெரிந்தது.

"இருங்கோ தம்பி. நடந்தா வந்தனீங்கள்? உங்களுக்கு இப்ப நடக்கிறது கூடாது."

"மாமா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தா டொக்டரின்ர துண்டு."

"வைச்சிருங்கோ தம்பி, வைச்சிருங்கோ. முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ."

தேத்தண்ணி வந்தது. அவருக்கு வெள்ளிப் பேணியில். எனக்கு விளிம்பு உடைந்த, கைபிடி இல்லாத, பூனைக்குப் பால் வைக்கிற மாதிரி ஒரு பீங்கானில். குடித்த பிறகு எறிந்துவிட வசதியாக.

பீங்கானைப் பார்த்தேன். கதவு மறைவைப் பார்த்தேன். அவ்வளவுதான். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த கோபம் முழுவதும் கைக்கு இறங்கியது.

"கசக்காரனோ நான்? கசக்காரன் இதைத் தூக்குவானோ? பாருங்கோ!" என்று சால்வையை எறிந்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மூடையைக் கட்டிப்பிடித்தேன்.

"தம்பி, அது வேண்டாம்! அது..." என்றார் கந்தப்பர்.

அவர் சொல்ல வந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது இரவிரவாகத் தண்ணீரில் ஊறப்போட்டு, முளைக்க விட்டு, அன்றைக்கு விதைக்க வைத்திருந்த நெல். உலர்ந்த மூடையையே இரண்டு பேர் பிடித்துத்தான் தோளில் ஏற்றுவார்கள். கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறவனுக்கு ஊறிய நெல்லின் பாரம் எங்கே தெரியும்? ஆனாலும் தூக்கினேன்! கோபம் தூக்கியது. வயல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று எட்டு அடி நடந்தேன். ஒன்பதாவது அடியில் இடுப்புக்குள் 'மளுக்' என்றது. நானும் மூடையும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். மூடை வாய் பிளந்தது. ஒரு ஏக்கருக்கான முளைநெல் என் மார்பைத் தடவிக்கொண்டு, வெள்ளத்தோடு கீழ்வயல்காரன் பக்கமாகப் போனது.

எழும்ப ஏலாது. வளைந்தபடி சேற்றுக்குள் கிடந்து கத்தினேன். பாக்கியமக்காவுக்குக் கத்தினேன். லெப்பை நானாவுக்குக் கத்தினேன். உத்தரவு போட்ட பெரியவருக்குக் கத்தினேன். அந்தப் பீங்கானுக்கும் தனியாகக் கத்தினேன். மூன்று வயலுக்கு அப்பால் உழுதுகொண்டு நின்றவர்கள் உழவை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கந்தப்பர் வாய்க்கால் வரம்பில் நின்று, போன நெல்லையும் கிடந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமும் நெல்லோடு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இன்னும் உரத்துக் கத்தினேன்.

அப்போதுதான் அந்தப் பச்சைப் பாவாடை கதவை விட்டு வெளியே வந்தது. நான் முதன்முதலாகக் கேட்ட அவளுடைய குரல்:

"அப்பா, நெஞ்சு பழுதான ஆளாலை இவ்வளவு சத்தம் போட ஏலுமே?"

கந்தப்பர் யோசித்தார். ஓடி வந்தவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர், "ஓம் அண்ணை, எங்களுக்கு அங்கால மட்டும் கேட்டது" என்று சாட்சி சொன்னார்.

"நெஞ்சுக்கு ஒண்டுமில்லைத்தான்" என்றார் கந்தப்பர் கடைசியில். பிறகு, மெல்லமாகத்தான், ஆனால் எனக்குக் கேட்கக்கூடியதாக, "மண்டையை ஆர் சோதிக்கிறது பிள்ளை?" என்றார்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் இராசமணி.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இடுப்பு நிமிர்ந்தும் நிமிராமலும் மணவறையில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன பணிவு என்று பாக்கியமக்கா முன்வரிசையில் இருந்து மெச்சினார்.

இப்போதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் சோதனைக்குப் போய்வருகிறேன். ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வெளியே வரும்போது அதே சந்தோசம், அதே கச்சான்கொட்டை. ஆனால் வீட்டில் ஒருவரும் டொக்டரின் துண்டைக் கேட்பதில்லை. நான் வந்து கதிரையில் சாய்ந்ததும் என் மூக்குக்கண்ணாடியை எங்காவது ஒளித்துவைக்கிறார்கள். நான் தேடுவேன். கேட்பேன். பிறகு கத்துவேன். நாலாவது வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியதும், இராசமணி குசினிக்குள் இருந்து மகளுக்குச் சொல்லுவாள்:

"சரி பிள்ளை, கண்ணாடியைக் குடு. அப்பாவுக்கு இந்த வருசமும் ஒண்டுமில்லை."