கண்டக்டர் கொடுத்த மூன்று மனுக்கள்

"ஏங்க, சுவத்துல ஒட்டியிருக்கறதை முழுசா படிச்சீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

படித்திருந்தார். அதனால்தான் கண்டக்டர் வீட்டுக்குள் வந்தும் உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தே நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கவலை வந்தால் கைக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும்.

பக்கத்துக் காலி மனையின் சுவரில் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. குடியிருப்புக்கு மட்டும் ஒதுக்கிய அந்த மனையில் கிளினிக் கட்ட ஒரு டாக்டர் அனுமதி கேட்டிருக்கிறார். தெருக்காரர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. "நாலு வருஷமா டாக்டர்கிட்ட வாங்கன்னு கூப்பிட்டா, ரெண்டு பஸ் மாறணும்னு சொல்லிட்டிருந்தீங்க. இனிமே செருப்புகூடப் போட வேண்டாம்."

விஷயம் இதுதான். மாடிப்படி ஏறினால் கண்டக்டருக்குத் தலை சுற்றும். அது மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பாதி ஆயுளை பஸ்ஸிலேயே கழித்தவர், பஸ் மாறப் பயந்து டாக்டரிடம் போகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் பயந்தது டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்றுதான். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டாலே, செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்த்த டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி ஆகிவிடுவார். இப்போது அந்த ஸ்டெதாஸ்கோப் பக்கத்து வீட்டுக்கே குடிவரப் போகிறது.

அன்று மாலையே தெருவைக் கூட்டினார்.

"நம்ம தெருவோ சின்னத் தெரு. கிளினிக் வந்தா கார் எங்கே நிக்கும்? நாம எங்கே நடக்கறது?" என்று குரல் உயர்த்தினார். அதுவரை அந்தத் தெருவில் யாரும் எதற்கும் குரல் உயர்த்தியதில்லை என்பதால், அங்கேயே அவரைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள்.

மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "கையெழுத்து, கையெழுத்து! போடாதவங்க யாரு? பின்னாடி யாரு?" பத்தொன்பது வீட்டையும் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்.

நாலாம் நாள் நகராட்சியிலிருந்து ஓர் அளவையர் டேப்போடு வந்தார். மனையை அளந்தார். உள்ளேயே எட்டுக் கார் நிற்கலாம் என்று எழுதினார். பிறகு தெருவை அளந்துகொண்டே வந்து கண்டக்டர் வீட்டு முன்னால் நின்றார்.

"சார், உங்க வாசல்படி ரெண்டடி ரோட்டுல இருக்கு."

"அது இருபது வருஷமா அங்கதான் இருக்கு."

"இருபது வருஷமா ரோட்டுல இருக்குன்னே எழுதிக்கட்டுமா?"

படி உடைக்கப்பட்டது. அதற்குப் பிறகு கண்டக்டர் வீட்டுக்குள் போக, கதவு நிலையைப் பிடித்து ஒரே எம்பாக எம்ப வேண்டியிருந்தது.

"ஓடற வண்டியில ஏறற மாதிரியே இருக்கு," என்று மனைவி ரசித்துச் சொன்னாள். "தலை சுத்தலையே?"

"இல்லை," என்றார் கண்டக்டர், நிலையை விடாமல்.

இரண்டாவது மனுவை அவர் யோசித்து எழுதினார். 'குடியிருப்புப் பகுதியில் எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது என்பது சட்டம். அதைக் கடுமையாக அமல்படுத்தும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.' மறுபடியும் பத்தொன்பது கையெழுத்து. இந்தத் தடவை இருபதே நிமிஷம்.

நகராட்சி கேட்டுக்கொண்டபடியே செய்தது. மூன்றாம் நாள் தெருமுனையில் இஸ்திரி போடுபவருக்கு ஒரு நோட்டீஸ், டியூஷன் டீச்சருக்கு ஒன்று, கண்டக்டர் வீட்டு மாடியில் குடியிருந்து துணி தைக்கும் அக்காவுக்கு ஒன்று.

இஸ்திரிக்காரர் நோட்டீஸைக் கையில் பிடித்தபடி வந்தார். "அண்ணே, டாக்டரை நிறுத்தறேன்னு சொல்லி என் பெட்டியை அணைச்சுட்டீங்களே!"

"நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நீங்க டிக்கெட் கிழிக்கற வேகத்துல நீட்டினா எவன் படிப்பான்?"

டியூஷன் டீச்சர் சண்டைக்கே வரவில்லை. பதினாலு பிள்ளைகளோடு வந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டாள்.

"என் வீட்டுல நடத்தக் கூடாதுன்னுதான் சார் எழுதியிருக்காங்க. தலைவர் வீட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலை. பிள்ளைங்களா, ஏழாம் வாய்ப்பாடு!"

கண்டக்டர் மதியம் கண்ணை மூடும் நேரத்தில் கூடம் முழுக்க ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை அவர் தூக்கத்திலும் சொன்னார். வெளியே போகலாம் என்றால், மாடி அக்கா கத்தரிக்கோலும் கையுமாக மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு மூன்றாவது மனு உதித்தது. கார், சட்டம் எதுவும் வேண்டாம். 'எங்கள் தெருவில் நோயாளிகளே கிடையாது. எனவே கிளினிக் தேவையில்லை.' கூடவே, இரண்டாவது மனுவைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு தாள்.

"இதுக்கு மேல எவனும் கேள்வி கேக்க முடியாது," என்றார்.

"குடுங்க, நான் போய்க் குடுத்துட்டு வரேன்," என்றாள் மனைவி. "நீங்க தெருவுல தலை காட்டினா மாடி அக்கா அளவெடுத்துடுவாங்க."

அவள் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: "இஸ்திரி, டியூஷன், தையல் எல்லாம் எப்பவும் போல நடக்கலாமாம்."

"மூணாவது?"

"ஆதாரம் வேணும்."

"எதுக்கு ஆதாரம்?"

"நோயாளியே இல்லைன்னு எழுதினீங்கள்ல? தெருவுல பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். மனுவுல முதல் கையெழுத்து யாரோடதோ, அவங்க சர்டிஃபிகேட் எல்லாத்துக்கும் மேல இருக்கணும்."

கண்டக்டர் நாற்காலியின் முதுகைத் தேடினார். அதில் ஒரு பிள்ளை உட்கார்ந்து எட்டாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது.

"அப்ப... அந்தக் கிளினிக் வராம இருக்கணும்னா..."

"நீங்க டாக்டர்கிட்ட காட்டியாகணும்," என்று முடித்து வைத்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலயே முகாம் வெச்சுக்கலாம். தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க வரேன்னு சொல்லியிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டது. கோபமெல்லாம் போய், எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். கண்டக்டர் வாசலில் நின்று வரிசையை ஒழுங்கு செய்தார். அத்தனை சுறுசுறுப்பாக அவரை யாரும் பார்த்ததில்லை.

"உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க! வாசல்ல நிக்காதீங்க!"

வரிசை குறையக் குறைய அவர் குரலும் குறைந்தது. கடைசியாக இஸ்திரிக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சு அண்ணே. கண்டக்டர் மட்டும்தான் பாக்கி."

"ஒரு நிமிஷம், வெளியே ஒரு வேலை..." என்று திரும்பிக் கால் வைத்தார். படி இருந்த இடத்தில் படி இல்லை. இஸ்திரிக்காரர் அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்து, நேரே டாக்டரம்மா எதிரில் உட்கார வைத்தார்.

கையில் பட்டையைச் சுற்றியதும் கண்டக்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எவ்வளவு நாளாத் தலை சுத்துது?"

"யார் சொன்னாங்க?"

டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"நாலு வருஷம்," என்றார் கண்டக்டர், மெதுவாக.

"பிரஷர் கொஞ்சம் அதிகம். காலையில ஒரு மாத்திரை, உப்பைக் குறைங்க. ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துடுவோம். மத்தபடி ஒண்ணுமில்லை."

கண்டக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஒண்ணுமில்லையா?"

"ஏன், இருக்கணுமா?"

"நல்லாப் பாருங்க டாக்டர்! நாலு வருஷமாப் பயந்திருக்கேன். அதுக்கு இவ்வளவுதானா?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. ஒரு வாரம் மாத்திரை போட்டதும் கண்டக்டர் ஒரு காரணமும் இல்லாமல் மாடிக்கு ஏறி, ஒரு காரணமும் இல்லாமல் இறங்கினார். நாலாவது தடவை ஏறியபோது மாடி அக்கா, "என்னண்ணே, சட்டை தைக்கணுமா?" என்று கேட்டாள். "ரெண்டாத் தைம்மா!" என்றார்.

ஆனால் மனசு உறுத்தியது. நோயாளியே இல்லை என்று எழுதிய தெருவில் தலைவரே மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தால் என்ன கெட்டுவிடும்? 'கிளினிக் வருவதில் எங்களுக்கு முழுச் சம்மதம்' என்று புது மனு எழுதினார். இம்முறை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, நிதானமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். மனுவையும், கேட்டார்களே என்று சர்டிஃபிகேட் கட்டையும் கவுன்டரில் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடையது.

"தம்பி, கிளினிக் வரட்டும். இனிமே ஒரு ஆட்சேபணையும் இல்லை," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

கவுன்டரில் இருந்த குமாஸ்தா கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க சர்டிஃபிகேட்டே கேக்கலையே சார். அந்த டாக்டர் வேற இடம் கிடைச்சு மனுவை வாபஸ் வாங்கிட்டாங்கன்னு உங்க வீட்டம்மா வந்த அன்னைக்கே சொல்லிட்டேனே, அவங்கதான் 'அவர் காதுல மட்டும் இதை இப்போதைக்குப் போட்டுடாதீங்க தம்பி, ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது பொறுத்துக்கோங்க'ன்னு கேட்டுக்கிட்டாங்க!"