எந்தக் கேஜ், அண்ணே?

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முட்டம் துறைமுகம் முழுவதையும் கிறுக்குப் பிடிக்க வைத்தவர் கேஜ் அண்ணன். படகு இன்ஜின் மெக்கானிக். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் மனைவிகூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே என்ன நடந்ததோ, அளவு பார்க்கிற எல்லாமே அவருக்குக் கேஜ். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கேஜ். வால்வு இடைவெளியில் செருகிப் பார்க்கும் தகடு கேஜ். ஒயரின் தடிமனும் கேஜ், கூரைத் தகட்டின் கனமும் கேஜ். அரிசி அளக்கும் டம்ளரையும் அவர் கேஜ் என்று சொன்ன நாளிலிருந்து அண்ணி பேச்சைக் குறைத்துக்கொண்டதாகக் கேள்வி.

"மக்கா, அந்தக் கேஜ எடு" என்று இன்ஜினுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். ஒன்றைக் கொடுப்போம். "இதில்லல, கேஜ்!" இன்னொன்றைக் கொடுப்போம். "கேஜ்னா கேஜ் தெரியாதால?" ஒருநாள் வெறுத்துப்போய் என் செருப்பைக் கொடுத்தேன். வாங்கி, திருப்பிப் பார்த்து, "இது எந்த இன்ஜினுக்கு?" என்றார்.

நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய படகு வாங்கியிருந்தோம். ஒரு காலையில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இன்ஜின் சத்தம் மாறியது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இன்ஜின் ஒரு மாதிரி கனைக்கு."

"கேஜப் பாரு."

"எந்தக் கேஜ், அண்ணே?"

"ஆயில் கேஜ்தாம்ல! வேற என்னத்த?"

எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியையும் அவர் ஆயில் கேஜ் என்றுதான் சொல்வார். அதை உருவிப் பார்த்தேன். நிறைய எண்ணெய்.

"கேஜ் சரியா இருக்கு, அண்ணே."

"அப்பம் ஒண்ணுமில்ல. வெரட்டி ஓட்டி வா, மக்கா."

அவர் கேட்டது எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை. அது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பம்பு செத்துப்போய், ஒரு சொட்டு எண்ணெய் மேலே ஏறவில்லை. நாங்கள் விரட்டி ஓட்டினோம். பெரிதாக ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. படகு பாறைப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. மச்சான் செபம் சொல்ல ஆரம்பித்தான்.

எங்களை இழுத்துப் போக இன்னொரு படகு வந்தது. அதன் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் கேஜ் அண்ணன். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். தலையைத் தூக்கி, "அந்த முள்ளு எங்கல நிக்கு?" என்றார்.

"பூஜ்யத்தில, அண்ணே."

மறுபடி கவிழ்ந்துகொண்டார். வாந்தியா அழுகையா என்று தெரியவில்லை.

இன்ஜின் பிழைக்கவில்லை. முழுவதையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "போச்சு மக்கா" என்றார். மச்சான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். மச்சான் வேறு படகில் கூலிக்கு ஏறிவிட்டான். நான் கரையேற்றிய படகின் நிழலில், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

தினமும் காலையில் அண்ணன் வந்து பக்கத்தில் உட்காருவார். நிழல் சுருங்கியதும் எழுந்து போவார். அந்த நாட்களில் என்னைத் தேடி வேறு யாரும் வரவில்லை. அவர் வரத் தாமதமானால், நான் எழுந்து போய்ப் பாதையைப் பார்ப்பேன்.