மூக்கை ஒப்படைக்கும் படிவம்

ஒரு மனிதர் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போவது உலகத்தில் நடக்கிற காரியம்தான். ஒரு கடிதம் எழுத வேண்டும். அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டும். மேலாளர் வருத்தப்படுவதுபோல் ஒரு நிமிடம் முகத்தை வைத்துக்கொள்வார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் என்று மூக்கண்ணன் அப்பாவியாக நம்பியிருந்தார்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அடுப்பு அவர் பொறுப்பு. கதவைத் திறந்து பார்த்தால் சூடு போய்விடும். கடிகாரத்தை நம்பலாமென்றால் மாவு ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி இருக்கும். அதனால் அவர் அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசனை பிடிப்பார். "எடுங்க" என்பார். எடுத்தால் பொன்னிறமாக வந்து நிற்கும். மூக்கண்ணன் என்ற பெயர் வந்ததும் அதனால்தான்.

அடுப்பு மூன்றாவது மாடியில் இருந்ததுதான் சங்கடம். லிப்டில் மாவு மூட்டை போகலாம், மனிதர் போகக் கூடாது. ஐம்பத்திரண்டு படி ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. "இன்னும் ஒரு வருஷம் ஏறுங்க, அப்புறம் உங்களைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டிக் கம்பெனியில் அடுப்பு தரைத்தளத்தில். அவர்களுடைய பிஸ்கட் ஒருநாள் வேகும், ஒருநாள் வேகாது. வெள்ளிக்கிழமைக்குள் விடுவிப்புக் கடிதத்தோடு வந்தால் வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தைத் தர வேண்டியவர் இரகசியப் பாதுகாப்பு அதிகாரி. எல்லாக் கம்பெனியிலும் அப்படி ஒருவரை வைத்துக்கொள்வது அந்த வருடத்து நாகரிகம், அதனால் இங்கேயும் ஒருவர் வந்திருந்தார். இரண்டு நாள் பயிற்சி பெற்றவர். வந்த முதல் வாரமே கண்ணில் பட்டதில் எல்லாம் 'இரகசியம்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். கழிப்பறைப் பலகையிலும் எழுத்து மறைய ஒட்டியதில், பார்வையாளர் ஒருவர் தாங்க முடியாமல் மாவுக் கிடங்குவரை ஓடிவிட்டுத் திரும்பினார்.

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டம்.

"முதல் கட்டத்துல, இங்க சேரும்போது உங்களுக்கு என்னென்ன தெரியும்னு எழுதுங்க. ரெண்டாவதுல இப்ப தெரிஞ்சது. கழிச்சா மிச்சம் வர்றது கம்பெனி சொத்து. அதை வச்சுட்டுப் போகணும்."

"தெரிஞ்சதை எப்படி சார் வச்சுட்டுப் போறது?"

"மறந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மூக்கண்ணன் முதல் கட்டத்தில் சைக்கிள், பன்னிரண்டாம் வாய்ப்பாடு, சுமாரான நீச்சல் என்று எழுதினார். அதிகாரி படித்துப் பார்த்தார்.

"மனைவி?"

"சேர்ந்த அப்புறம்தான் சார் தெரியும். பாக்கிங் பிரிவுல இருந்தா."

"பழகினது எப்போ?"

"டீ இடைவேளையில."

"இடைவேளை கம்பெனி குடுத்தது" என்று சொல்லி, இரண்டாவது கட்டத்தில் மனைவியைச் சேர்த்துவிட்டார்.

மாலையில் இதைக் கேட்ட மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "என்னை மறந்துட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா, ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்துடுங்க" என்றாள். நல்ல வேளையாக, விலக்குக் கேட்டு எழுதிய மனு மேலிடத்துக்குப் போய் புதன்கிழமையே திரும்பி வந்தது. மனைவியை அவர் தொடர்ந்து அறிந்திருக்கலாம், ஆனால் குடும்ப உபயோகத்துக்கு மட்டும் என்று அதில் நிபந்தனை போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மூக்கின் முறை வந்தது.

"வாசனை பிடிக்கிறீங்களே, அந்த மூக்கு சேரும்போது இருந்ததா?"

"இதே மூக்குதான் சார். மாத்தலை."

"சரி, மூக்கு உங்களுது. அதுக்குள்ள இருக்கிற வாசனை எங்களுது. ரெண்டு வருஷத்துக்கு எந்த அடுப்புப் பக்கத்துலயும் மோந்து பார்க்கக் கூடாது."

"அப்ப, எந்த வாசனைக்கு எடுக்கணும்னு இங்க இருக்கிறவங்களுக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் சார்."

அதிகாரி பதறிப்போனார். "இரகசியத்தை வெளிய சொல்றதா? நாளைக்கு அவங்களும் வேலை மாறினா?"

கடைசியில் மூக்கண்ணன் தனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் உறைக்குள் போயிற்று, உறை இரும்பு அலமாரிக்குள் போயிற்று. சாவியை வைத்திருந்த அதிகாரிக்கு அதைப் படிக்கும் அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவர் யாரென்பதும் இரகசியம்தான்.

வெள்ளிக்கிழமை விடுவிப்புக் கடிதத்தோடு தெருவைத் தாண்டினார். படியில்லாத வாசலைப் பார்த்ததும் மூக்கண்ணனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அங்கேயும் ஓர் இரகசியப் பாதுகாப்பு அதிகாரி காத்திருந்தார். அவரும் பழைய கம்பெனி அதிகாரியும் அதே இரண்டு நாள் பயிற்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கொடுத்தார்.

"வேலை நேரம் முழுக்க மூக்குல மாட்டியிருக்கணும். அந்தக் கம்பெனி வழக்குப் போட்டா எங்களால தாங்க முடியாது."

"பிஸ்கட் கருகிப் போயிடுமே சார்?"

"கருகினா பிஸ்கட்தான் போகும். நீங்க மோந்தா கம்பெனியே போயிடும்."

"பின்ன எதுக்கு சார் என்னை எடுத்தீங்க?"

"உங்க அனுபவத்துக்காக."

அன்றிலிருந்து தெருவின் இரண்டு பக்கமும் பிஸ்கட் கருகியது. இந்தப் பக்கம், தெரிந்தவர் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம், மூக்கைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைகளில் வேறு பிஸ்கட் கிடையாது. ஒரு மாதம் ஜனங்கள் திட்டினார்கள். இரண்டாவது மாதம் விற்பனைப் பிரிவு விழித்துக்கொண்டு, கருகலுக்குக் 'கரும்பொன் ரகம்' என்று பெயர் வைத்தது. மூன்றாவது மாதம் படித்தவர்கள், அந்தக் கசப்பில் ஓர் ஆழம் இருக்கிறது என்றார்கள். அதன் பிறகு வெளுத்த பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கருகவைக்கும் இரகசியத்தை எதிர்க் கம்பெனி திருடிவிட்டதாக இரண்டு கம்பெனியும் வழக்குப் போட்டன.

இரண்டு வருடம் முடிந்தது. அன்று காலை மூக்கண்ணன் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினார். அந்த வாசனை வந்தது.

"எடுங்க" என்றார்.

தட்டு முழுக்கப் பொன்னிறம். தரம் பார்க்கிறவர் வந்து ஒன்றை எடுத்து உடைத்தார். "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா? வேகவே இல்லையே" என்று சொல்லி மொத்தத்தையும் கழிவுத் தொட்டியில் கொட்டச் சொன்னார்.

மூக்கண்ணன் நாலை மட்டும் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாருக்குப் புரியாவிட்டாலும் இவளுக்குப் புரியும். இதே பிஸ்கட்டை எத்தனை வருடம் டப்பாவில் அடுக்கியவள். மனைவி ஒன்றைக் கடித்தாள், மெதுவாக மென்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள், அவர் மனம் நோகாதபடி. "கொஞ்சம் கருக விட்டிருக்கலாம்."

மறுநாள் கிளிப்பைத் திருப்பித் தரும்படி அதிகாரி கேட்டார். மூக்கண்ணன் தரவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து, தானே மூக்கில் மாட்டிக்கொண்டு அடுப்புக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.