மான் தின்ற கொள்கை

மூன்றாவது கொள்கையை மான் தின்றுகொண்டிருந்தது.

இராகுலன் "ச்சூ, ச்சூ" என்று துரத்திவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தார். கோட்டைப் பக்கமிருந்து கடற்கரைக்கு வரும் மான்களுக்கு வாழைப்பழத்தோல், லொத்தர்ச் சீட்டு, கொள்கை எல்லாம் ஒன்றுதான். ஓவியன் தன் படத்தைத் தானே விற்பது எப்படி என்று யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு, நான்கு கொள்கைகளை அவர் அட்டையில் எழுதிப் படங்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். 'கண்டதை மட்டும் வரை.' 'விலையைக் குறைக்காதே.' அடுத்து, 'வாங்குபவர் சொன்னாரென்று தூரிகையைத் தொடாதே' என்றிருந்த இடத்தில் இப்போது பல் அடையாளம். கடைசியில், 'சொந்தக்காரருக்குச் சும்மா கொடுக்காதே.'

நாலாவதுக்கு இன்றுவரை சோதனை வந்ததில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பவர்கள்தான் அவருடைய சொந்தக்காரர்கள்.

காலையில் மனைவி லோஜினி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்குத் தம்பி நிருபன் புல்மோட்டையில இருந்து வாறான். வேலையை விட்டிட்டு ஏதோ தொழில் தொடங்கப்போறானாம். இண்டைக்கு ஒரு படமாவது வித்தா அவன் ஹோலில படுக்கட்டும், அறை உங்களுக்கு. விக்காட்டி எல்லாம் கோழிக்கூட்டுக்குக் கூரை. பிறகு பிரஷ், கிரஷ் எண்டு கதைக்கப்படாது."

பத்து வருடத்தில் ஒரு படம்கூட விற்காத மனிதருக்கு ஒரு பகல் கொடுத்திருந்தாள்.

மதியம்வரை வந்தது இரண்டு பேர். ஒருவர் கோயிலுக்கு வழி கேட்டார். மற்றவர் பக்கத்துத் தேநீர்க் கடை பாயிஸ்.

"சேர், அந்தப் பெரிய படத்தைக் கொஞ்சம் இஞ்சால சாய்ச்சு வைங்கோ. அடுப்புக்குக் காத்தடிக்குது."

சாய்த்து வைத்தார். கலை ஒருவருக்காவது பயன்படுகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு, இடுப்பில் சாரமும் முகத்தில் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து நின்றார்.

"இராகுலன் எண்டுறது நீங்கள்தானோ?"

இராகுலன் எழும்பியதில் கதிரை விழுந்தது. பெயர் கேட்டு வருகிறார்கள்!

"நான் பாக்கியரத்தினம். இது என்ர வள்ளமெல்லோ!"

அவர் காட்டியது 'மூப்பு' என்ற படம். கரையில் சரிந்து கிடக்கும் வள்ளம், உப்பில் வெளுத்த நிறம், விளிம்பில் ஒரு காகம், பக்கப்பலகையில் தேங்காயளவு ஓட்டை. ஓட்டைக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமை செலவழித்திருந்தார். படத்தின் உயிரே அதற்குள்தான் இருந்தது.

"இருபதாயிரமோ? வாங்குறன். இந்த ஓட்டையை மட்டும் அடைச்சுத் தாங்கோ."

"ஐயா, ஏலாது. கொள்கை இருக்கு." அட்டையைக் காட்டினார்.

"எங்க இருக்கு?"

பாயிஸ் எட்டிப் பார்த்தான். "மானே சம்மதிச்சிட்டுது, சேர். அடையுங்கோ."

கோழிக்கூடு கண்முன் வந்தது. இராகுலன் ஓட்டையை அடைத்தார்.

அடைத்த இடம் புதிதாகப் பளபளத்தது. அதனால் மற்றப் பலகையெல்லாம் நோயாளி போலத் தெரிந்தது.

"முழுக்க நீலம் அடியுங்கோவன்," என்றார் பாக்கியரத்தினம்.

நீலம் அடித்தார். நீல வள்ளத்தின் மேல் அந்தக் காகம், கலியாண வீட்டில் கடன்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"காகத்தை எழுப்பிவிடுங்கோ."

காகம் பறந்தது.

"சரிஞ்சு கிடக்கே. நிமித்த ஏலாதோ?"

வள்ளத்தை நிமிர்த்த இராகுலனுக்குக் கை வரவில்லை. ஆகவே கடலைக் கொண்டுவந்து அடியில் விட்டார். மிதக்கிற வள்ளத்துக்கு எஞ்சின் வேண்டாமா? அதையும் பூட்டினார்.

"இப்ப இது மூப்பில்லை, சேர். பூப்பு நீராட்டு," என்றான் பாயிஸ்.

பாக்கியரத்தினம் குனிந்து பார்த்தார். "எல்லாம் சரி. கீழ உங்கட பேரைப் போடுங்கோ. முழுப்பேர். தூரத்தில நிண்டு பாத்தாலும் தெரியவேணும்."

இராகுலன் பெரிய தூரிகையைக் கையில் எடுத்தார். வங்கியில்கூட யாரும் அவருடைய கையெழுத்தை இவ்வளவு மதித்ததில்லை. கடலில் பாதியை எடுத்துக்கொண்டு பெயரை எழுதினார்.

பாக்கியரத்தினம் படத்தைப் போனில் பிடித்து யாருக்கோ அனுப்பினார். சற்று நேரத்தில் போன் 'டிங்' என்றது. வாசித்துச் சிரித்தார். ஒரு சதம் குறைக்காமல் இருபதாயிரத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் படத்தோடு ஓட்டோவில் ஏறினார்.

"பாத்தியா பாயிஸ், விலையைக் குறைக்கேல்ல!" சோதனையில் தப்பிய ஒரேயொரு கொள்கையை இராகுலன் தலைநிமிர்ந்து சொல்லிக்காட்டினார். இருவருக்குமாகத் தேநீரும் வடையும் சொன்னார். லோஜினியிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது என்று வீரமான முகங்கள் இரண்டைப் பழகியும் பார்த்தார்.

போன் அடித்தது. நிருபன்.

"அத்தான், அக்காட்ட இப்ப சொல்லாதேங்கோ, நான் ஒரு வள்ளம் வாங்கீட்டன்! பாக்கியரத்தினம் எண்டு ஒருத்தற்ற. போட்டோவை நம்பமாட்டன், என்ர அத்தான் கீறினா நம்புவன் எண்டு பகிடிக்குத்தான் சொன்னனான், மனிசன் மெய்யாவே உங்கட பேர் போட்ட படத்தை அனுப்பினது. உடன ஒரு லட்சம் முற்பணம் போட்டிட்டன். கண்டதை மட்டும்தான் நீங்கள் கீறுவீங்கள் எண்டது எனக்குத் தெரியுந்தானே!"