நிழலுக்குப் பெரட்டு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் நிழலுக்கும் வருகைப் பதிவேடு வைக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்க, கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊருக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதும் காளிமுத்து கிராணி பிறந்து, வளர்ந்து, ஓய்வும் பெற வேண்டியிருந்தது. இந்தப் பெருமையில் மலருக்கும் சிறு பங்கு உண்டு. நிலம் அவளுடையது.

அவளுடையது என்றால் கிராண்டுப் பட்டா, கையெழுத்து எதுவும் கிடையாது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு அவளுடையது. அதற்குத் தெற்கே, மூடிக்கிடக்கும் பழைய பேக்டரியின் மூன்று மாடிச் சுவர். இரண்டுக்கும் நடுவில் இருபதுக்குப் பன்னிரண்டடி மண். பதினொரு வருஷமாக அதில் அவள் வெயில் காலத்தில் மிளகாயும் பீன்ஸும், சுவரின் நிழல் விழும் காலத்தில் கொத்தமல்லி, புதினா, சூப்பு இலையும் போட்டு வந்தாள். தோட்டத்து நர்சரியில் தேயிலை நாற்றுகளுக்கு நிழல் வலை கட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷம். நிழலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சான்றிதழ் எதுவும் இல்லாததால் அதை அறிவு என்று சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஞானம் உதித்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் 'உண்ணத்தகு பூங்கா' வேண்டும். சுற்றுப்பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். மானேஜர் யுவனேஸ்வரன் துரை மலரின் மண்ணைக் காட்டி, அதற்கு ஏற்ற செடிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழுவை அமைத்தார். தலைவர் காளிமுத்து. செயலாளர் தினேஸ்வரன், பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் ரூம் பாய். யூடியூபில் விவசாயம் பார்ப்பவன். செடி நட்டதும் இடத்தைப் பராமரிக்க மலரிடமே திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு.

முதல் கூட்டம் புரட்டாசியில் கோயில் மண்டபத்தில் நடந்தது.

"எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று தொடங்கினார் தலைவர். பசியாறிவிட்டதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"அங்கதான் ஏற்கெனவே செடி இருக்கே ஐயா. தின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள் மலர்.

"அது செடி இல்லம்மா, கீரை" என்றான் தினேஸ்வரன். "பூங்கான்னா பிளான் வேணும். மொதல்ல இடத்தைக் காலி பண்ணணும் லா."

"நெழலு எப்ப வருது, எப்ப போவுதுன்னு தெரியாம செடி வைக்க முடியாது" என்றார் காளிமுத்து.

"தீபாவளிக்கு முன்ன வரும், பங்குனி உத்தரத்துக்குள்ள போயிடும்."

"ஆதாரம்?"

"என் கொத்தமல்லி."

"கொத்தமல்லி கையெழுத்துப் போடுமா?"

போடாது என்பதை மலர் ஒப்புக்கொண்டாள். இதுபோன்ற கூர்மையான கேள்விகளால்தான் காளிமுத்து முப்பத்தோரு வருஷம் செக்ரோல் கிராணியாக இருந்தார். ஜனவரி தொடங்கி ஓராண்டு முழுவதும் நிழலை ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று. மறுநாள் மலர் தன் கையாலேயே மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கினாள். திரும்பக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் விதையை மட்டும் காயவைத்து ஒரு மைலோ டின்னில் போட்டுவைத்தாள்.

ஜனவரி முதல் தேதி காலை ஆறரை மணிக்குப் பெரட்டு ஆரம்பமானது. தோட்டத்தில் பெரட்டு என்றால் வேலைக்கு வந்த ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. காளிமுத்து குல்லாயும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பதிவேடும் மறு கையில் டார்ச் லைட்டுமாக வந்து நின்றார்.

"நெழலு!" என்று கூப்பிட்டார்.

நிழலுக்கு வாய் இல்லாததால் செயலாளர் அதன் சார்பில் "இருக்கேன்!" என்றான்.

டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள். இடம் முழுக்க இருட்டாக இருந்தது. 'வந்தது' என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது.

கேமரன் மலையில் காலை ஆறரைக்குச் சூரியனே வேலைக்கு வந்திருக்காது என்பதை இங்கே சிலர் சுட்டிக்காட்டக்கூடும். அது குறுகிய பார்வை. ஆய்வு என்பது ஒழுங்கு. ஒழுங்கு என்பது ஆறரை மணி.

சில நுட்பமான சிக்கல்களும் எழுந்தன. மழை பெய்த நாட்களில் நிழலுக்கு மருத்துவ விடுப்பு, அதாவது எம்.சி., போட்டு, சம்பளமில்லாததால் வந்ததாகவே வைத்துக்கொண்டார்கள். பனிமூட்டத்தை நிழலாகக் கொள்ளலாமா என்பதற்கு மட்டும் தனிக்கூட்டம் தேவைப்பட்டது. பனிமூட்டம் நிரந்தர ஊழியர் அல்ல என்பதால் அதைக் 'காண்ட்ராக்ட் நிழல்' என்று எழுதுவதாகத் தீர்மானித்தார்கள்.

ஜூன் மாதம் வந்தது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த மலர் பின்கதவைத் திறந்து பார்த்தாள். சுவரின் நிழல் சுவரடியில்கூட இல்லை. வெறும் மண்ணில் வெயில் கொட்டிக்கிடந்தது. அவளோ முந்தின நாள்தான் பாசார் மாலம் இரவுச் சந்தையில் பச்சை மிளகாய் வாங்கி வந்திருந்தாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. நேராகக் கிராணி வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, ஒரு நிமிசம் வந்து பாருங்க. சுள்ளுனு அடிக்குது."

காளிமுத்து சாப்பிட்ட கையைத் துடைத்தபடி வந்தார். "என்ன அடிக்குது?"

"வெயிலு! ஒரு பொட்டு நெழலு இல்ல!"

"மணி என்ன இப்ப?"

"பன்னெண்டரை."

"மலரு, எத்தனை வருசமாத் தோட்டத்துல இருக்க? பெரட்டு எத்தனை மணிக்கு? பத்து மணிக்கு வந்த ஆளுக்கே நான் ஒருநாளும் பேர் போட்டதில்ல. பன்னெண்டரைக்கு வர்ற வெயிலுக்கு மட்டும் போடணுமா? நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"வெயிலு அந்த நேரத்துலதான் ஐயா வரும்."

"அப்ப அதுதான் திருந்தணும்."

அவர் தூங்கப் போனார். இப்படிப்பட்ட நேர்மையாளர்களுக்குத் தூக்கமும் உடனே வந்துவிடுகிறது. மலர் வீட்டுக்குத் திரும்பி, மைலோ டின்னை ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு நர்சரிக்குப் போனாள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ஆய்வு முடிந்தது. முன்னூற்று அறுபத்தைந்து நாளும் நிழல் ஆஜர். இந்தத் தோட்டத்தின் வரலாற்றிலேயே ஒருநாள்கூட மட்டம் போடாத ஒரே ஊழியர் என்பதால், நிழலுக்கு முழு வருகைச் சான்றிதழ் வழங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பேக்டரிச் சுவரில் மாட்டினார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கம் இப்படிச் சொன்னது: 'மேற்படி இடத்தில் ஆண்டு முழுவதும் இடைவிடாத நிழல் நிலவுவதால், உண்ணத்தகு தாவரம் எதுவும் வளர வாய்ப்பில்லை என்று குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது.'

துரை அறிக்கையை இரண்டு தடவை படித்தார். வருஷம் பூராவும் நிழல். செடிக்கு உதவாது. அப்படியானால் எதற்கு உதவும்? அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் பொறுப்பானவர் என்பதால் நேரில் வந்து பார்த்தார். ஜனவரி மாதம், உச்சி நேரம். சுவரின் நிழல் இடம் முழுக்கக் குளுகுளுவென்று பரவியிருந்தது.

"நல்ல எடம் லா. வர்றவங்க காடியெல்லாம் இங்க நிறுத்தலாம். சூடே ஏறாது."

மலர் அவர் முன்னால் வந்து நின்றாள். "சார், எடத்தத் திருப்பித் தர்றேன்னு சொன்னீங்க. இந்த நெழலு பங்குனியில போயிடும் சார். நான் பதினொரு வருசமாப் பாக்குறேன்."

"டேட்டா இருக்கு ஆன்ட்டி. முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள் டேட்டா" என்றார் துரை.

காளிமுத்து பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடக்கமாக நின்றார். மாசி மாதத்தில் லோரி வந்து கல் கொட்டியது. பங்குனியில் தார் ஊற்றினார்கள். மைலோ டின் அடுப்படி அலமாரியில் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

சித்திரை முதல் நாள் திறப்பு விழா. துரை தன் காடியைத்தான் முதலில் நிறுத்தினார். விழாவுக்கு வாங்கிய ஸ்ட்ராபெர்ரி கேக் பின்சீட்டில் இருந்தது. உரைகள் முடிந்து ஒரு மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது கேக் அங்கே இல்லை. சிவப்பாக ஏதோ ஒன்று சீட்டு முழுக்க வழிந்திருந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டவர் "அலாமாக்!" என்று கையை உதறினார்.

"நெழலு எங்கே மிஸ்டர் காளிமுத்து?"

காளிமுத்து பதிவேட்டைப் புரட்டினார். திறப்பு விழா நாளிலும் அவர் பெரட்டைத் தவறவிட்டிருக்கவில்லை. "காலையில வந்திருக்குங்க சார். ஆறரைக்கு நானே பாத்தேன். பேர் குடுத்துட்டு நழுவியிருக்குது."

"சான்றிதழ் வாங்குற வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு சார்" என்று வருத்தப்பட்டான் செயலாளர். "அப்பறம் திமிர் வந்துருச்சு."

அன்று மாலையே நடவடிக்கை எடுக்கப்பட்டது. பேக்டரிச் சுவரில், சான்றிதழுக்குக் கீழே, நிழலிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் ஒட்டப்பட்டது: 'பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலை நேரத்தில் இடத்தை விட்டு நீங்கிய குற்றத்துக்காக உம்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும்.'

மூன்றாம் நாள் மத்தியானம் நர்சரியிலிருந்து வந்த மலர் அதைப் படித்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தார் பளபளத்த இடத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. நாற்றுக்குப் பேர் எழுதும் பேனாவை இடுப்புப் பையிலிருந்து எடுத்து, கடிதத்தின் கீழே நின்றபடியே எழுதினாள்.

'ஐயா, நான் எங்கேயும் நழுவல. பதினொரு வருசமா தீபாவளிக்கு வந்து பங்குனிக்குப் போறேன். நான் வந்தா கொத்தமல்லி, போனா மிளகாய். மலருகிட்ட கேட்டா சொல்லுவா. நீங்க கேக்கல. இருட்டுல வந்து டார்ச் அடிச்சுப் பாத்தது என்னை இல்ல ஐயா, உங்க சொந்த நெழலை. அதுதான் முப்பத்தோரு வருசமா எங்க எல்லார் மேலயும் விழுந்துக்கிட்டு இருக்கு. இப்படிக்கு, நெழலு.'

மறுநாள் காலை ஆறரைக்குக் காளிமுத்து டார்ச் அடித்து இந்தப் பதிலை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, தம் அழகான கையெழுத்தில் முடிவை எழுதினார்:

'பதில் பெறப்பட்டது. பெரட்டு நேரத்தில் வந்து சேராததால், ஏற்பதற்கில்லை.'