பிரசவ வீராங்கனை

பிரசவ வீராங்கனை என்றொரு இனம் உண்டு. உங்கள் வீட்டிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். எந்தக் காலத்திலோ பிள்ளை பெற்றவர். அந்தப் பிள்ளைக்கு மீசையே முளைத்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் வலி இன்னும் விட்டபாடில்லை. யாரோ கர்ப்பம் என்று காதில் விழுந்தால் போதும், பையில் பழமும் வாயில் தன் பிரசவக் கதையுமாக வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பனிக்குடம் உடைந்ததில் ஆரம்பித்து, டாக்டர் கையை விரித்தது, குடும்பமே கதறியது, பிடித்த பிடியில் கட்டில் கம்பியே வளைந்தது வரை சொல்லி முடித்து, வெளிறிப்போன கர்ப்பிணியின் கன்னத்தைத் தட்டி, "நீ ஒண்ணும் பயப்படாத" என்பார். இதற்குப் பெயர் தைரியம் சொல்வது.

ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கம்பி இன்னும் கொஞ்சம் வளையும்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். உங்களிடையே இந்த இனம் சிறுநீரகக் கல்லோடு திரிகிறது.

எனக்குத் தெரிந்த வீராங்கனை ஒருவர், தம்பி மனைவிக்கு வலி எடுத்ததும் பிரசவ அறைக்குத் துணையாகப் போனார். அந்தப் பெண் பல்லைக் கடித்தாள்.

"இதெல்லாம் வலியே இல்லம்மா. எனக்கு வந்துச்சு பாரு..."

வலி விட்ட நேரத்தில் கண்ணயர வேண்டியவள், கதையைக் கேட்கக் கேட்கக் கோபத்தில் காலை உதைத்தாள். இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே மட்டும் ஆளில்லையா என்ன? காவலாளி முழுக்கதையும் கேட்டார்.

உள்ளே நிலைமை சரியில்லை. குழந்தையின் தலை தெரிகிறது. தாய்க்குத் தெம்பு தீர்ந்துவிட்டது. "என்னால முடியல சிஸ்டர்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் கெஞ்சினார், அதட்டினார். குழந்தை எட்டிப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தது. கேலி செய்ய உட்கார்ந்த எனக்கே இந்த இடத்தில் கேலி வரவில்லை.

அப்போதுதான் நர்ஸுக்கு அந்த உதை ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தார்.

"அந்த அண்ணியக் கூப்பிடுங்க."

வீராங்கனை தலைமாட்டில் வந்து நின்றார். கதை சொல்லுங்கள் என்று அவரை யாரும் கேட்பது இதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வலி வரும்போது மட்டும் சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

வலி வந்தது.

"இதெல்லாம் ஒரு வலியா? எனக்குக் கட்டில் கம்பியே..."

"வாய மூடுங்க அண்ணி" என்று உறுமியபடி அவள் ஒரு முக்கு முக்கினாள்.

"அப்படித்தான். அதே கோவத்தோட முக்கும்மா. அண்ணி, நீங்க கதைய நிறுத்தாதீங்க."

"கம்பி அப்படியே வளைஞ்சு..."

"அந்தக் கம்பியத் தூக்கி..." என்று அவள் கத்தி முடிப்பதற்குள் குழந்தை வழுக்கிக்கொண்டு நர்ஸின் கையில் வந்து விழுந்து, அத்தையைவிடச் சத்தமாகக் கத்தியது. கதை பாதியில் நின்றுபோனதை அத்தையே கவனிக்கவில்லை. அவர் விம்மி விம்மி அழுதார், தாய் சிரித்தாள், நர்ஸ் இருவருக்கும் முகம் துடைத்துவிட்டார்.

சுபம்தானே என்கிறீர்களா? மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கர்ப்பிணி வந்து சேர்ந்தாள். நம் பச்சை உடம்புக்காரி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் வலியே இல்லங்க. எனக்கு நேத்து..."

இப்படித்தான் இது தொற்றுகிறது. நீங்கள் மட்டும் என்னவாம்? முதல் வரியிலிருந்தே, "எங்க வீட்டுல நடந்தது இதவிடப் பெருசு" என்று சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.