கருவாட்டுக்கு ஐந்து உரைகள்

குருநகரில் கருவாடு போடும் சிசிலியா முதலாம் பாடத்தைப் பார்த்து முடித்தாள். உடனே திரை அவளுக்கு வாழ்த்துச் சொல்லிச் சான்றிதழும் கொடுத்துவிட்டது.

"தங்கச்சி, ஆறு பாடம் எண்டியள். ஒண்டைத்தானே பார்த்தனான்?" என்று தொலைபேசியில் கேட்டாள். பின்னால் அவளுடைய கைக்குழந்தை வீரிட்டு அழுததால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

மறுமுனையில் இருந்த பிரியந்தினி அவசரமாகக் கணினியைத் திறந்து பார்த்தாள். 'சுத்தமான கருவாடு' என்ற இணையவழிப் பாடநெறியின் ஆறு பாடங்களையும் ஒரே பொதியாகக் கட்டிப் பயிற்சி நிலையத்தின் தளத்தில் ஏற்றியவள் அவள்தான். தளமோ முதல் பாடத்தின் முடிவை முழுவதற்கும் முடிவாக எடுத்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பெண்களில் முப்பது பேராவது முழுவதையும் முடித்தால்தான் அவளுடைய வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மானிப்பாய் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் அம்மாவின் கலியாணப் பேச்சைக் கேட்க வேண்டியதுதான்.

ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று எல்லாவற்றையும் பூட்டினாள். அப்பாடா என்று தேத்தண்ணியைக் கையில் எடுக்கும்போது பணிப்பாளர் நீக்கிலாப்பிள்ளை வந்தார்.

"பிள்ளை, என்ரை தலைமையுரை எங்கை?"

"பாடத்துக்கு ஏன் சேர் தலைமையுரை?"

"தலைமையுரை இல்லாமல் யாழ்ப்பாணத்திலை என்ன நடந்திருக்கு?"

நியாயமான கேள்விதான். அவருடைய பதினாலு நிமிட உரை முதலில் ஏறியது. பிறகு பங்குத்தந்தையின் ஆசியுரை. தொண்டைமானாற்றுப் பெண்களும் படிப்பதால் அந்த ஊர்க் கோயில் ஐயரின் ஆசியுரையும் ஏறியது. ஐயர் சுத்த சைவம். பதினொரு நிமிடமும் கருவாடு என்ற சொல் வாயில் படாமல் சுத்தத்தைப் பற்றி மட்டுமே பேசியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வாழ்த்துரை.

"நன்றியுரையைக் கடைசியிலை போடுறன் சேர்."

"கடைசியிலை போட்டா ஆர் இருந்து கேக்கிறது? அதையும் முன்னுக்குப் போடும். ஒருத்தரும் தாண்டிப் போகேலாத மாதிரிப் பூட்டியும் விடும்."

பூட்டினாள். ஐந்து உரைகளும் சேர்ந்து ஐம்பது நிமிடம்.

மறுநாள் வேறு வில்லங்கம். பொதி ஊதிப் பெருத்துப்போனதால், பார்ப்பவர் விட்ட இடத்தை அது மறக்கத் தொடங்கியது. நடுவில் ஓர் அழைப்பு வந்தால் போதும், மறுபடியும் தலைமையுரைதான். அதைத் திருத்தப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. இப்போது ஆறு பாடங்களில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்து உரைகளும் ஓடின.

திங்கட்கிழமை அறிக்கையைத் திறந்தாள். முடித்தவர்கள்: பூச்சியம்.

"சேர், உரையளை எடுத்துவிடுவம். சனம் பாவம்."

"உரையிலை கை வைச்சா உமக்கு வேலை இல்லை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. அவர் ஏற்கெனவே உரையைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

உரையில் கை வைத்தாலும் வேலை போகும், வைக்காவிட்டாலும் போகும். பிரியந்தினி கழிப்பறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தன் கோப்பையையும் செருப்பையும் ஒரு பைக்குள் எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அறிக்கையைத் திறந்தாள். முடித்தவர்கள்: முப்பத்தெட்டு. பாடநெறியின் முடிவில் வரும் பரீட்சையிலும் எல்லோரும் எண்பதுக்கு மேல்.

"பார்த்தீரே!" நீக்கிலாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். "என்ரை உரையை ஆளுக்கு ஆறுதரம் கேட்டிருக்கினம். அடுத்த முறை அரை மணித்தியாலம் கதைக்கிறன்." அந்தச் சந்தோஷத்திலேயே அவளுடைய நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

கடிதம் கைக்கு வந்தும் பிரியந்தினிக்கு மனம் ஆறவில்லை. பாவம் அந்தப் பெண்கள், ஐந்து மணித்தியாலம் வதைபட்டிருக்கிறார்களே என்று சிசிலியாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. வேலை நிரந்தரமாகிட்டுது, இனிப் பயமில்லை. இண்டைக்கே அந்த உரையளை எடுத்துப்போடுறன்."

சிசிலியாவின் குரல் கிசுகிசுவென்று வந்தது.

"ஐயோ, மெல்லக் கதையுங்கோ தங்கச்சி! அதிலை மட்டும் கை வைச்சிடாதேங்கோ. உங்கடை சேர் கதைக்கத் தொடங்கினாத்தான் எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற குழந்தையள் எல்லாம் நித்திரையாகுதுகள், அதுக்குப் பிறகுதானே நாங்கள் ஆறுதலா இருந்து பாடம் படிக்கிறது!"